தையலுக்குத் தேன்

ஆபீஸில் யாருக்காவது குழந்தை பிறந்துவிட்டால் நாம் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. ‘பையனா, பொண்ணா?’ என்பது முதல் கேள்வி. ‘வெயிட் எவ்வளவு?’ இரண்டாவது. ‘நார்மலா, சிசேரியனா?’ மூன்றாவது. பதில் சிசேரியன் என்றால் நாலாவது கேள்வி தானாக வந்து விழும்: ‘பில் எவ்வளவு ஆச்சு?’

அப்புறம் ஸ்வீட் பாக்ஸ். மைசூர்பா தீர்ந்ததும் விஷயமும் தீர்ந்தது. புது அப்பா மட்டும் லீவு மூன்று நாளா, நாலு நாளா என்று மேனேஜரிடம் பேரம் பேசிக்கொண்டிருப்பார்.

அடிவயிற்றில் அரைச் சாணுக்கு மேல் தையல் போட்டுக்கொண்டு ஒருத்தி படுத்திருக்கிறாளே, அது எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வெளியே தெரிகிற தையல்தான் அரைச் சாண். உள்ளே தோல், அதற்குக் கீழே கொழுப்பு, தசையைப் போர்த்தியிருக்கிற உறை, வயிற்றின் உள்சவ்வு, கடைசியில் கர்ப்பப்பை என்று அடுக்கடுக்காகத் திறந்து மூடியிருக்கிறார்கள். இதே ஆபரேஷன் நமக்கு நடந்திருந்தால் ஆறு மாதம் அதையே பேசிப் பேசி செக்‌ஷனைக் காலி பண்ணியிருப்போம்.

இது ஏதோ எங்கோ ஒருவர் வீட்டு சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்கு ஏறக்குறைய 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளை மட்டும் எடுத்தால் 64. அரசு ஆஸ்பத்திரிகளில் 36. உங்கள் ஆபீஸில் பத்துப் பேர் அப்பாவாகியிருந்தால் நாலைந்து பேர் வீட்டில் இந்தத் தையல் உண்டு. நீங்கள் கல்யாணமாகாதவர் என்றால் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். உதவும்.

நான் பகுதி நேரமாகக் கணக்கு எழுதித் தரும் ஓர் அலுவலகத்தில், டெஸ்பாட்ச் பிரிவில் ஒரு இளைஞர். (பெயர் வேண்டாம். மாமியார் இந்தப் பத்திரிகை படிக்கிறவராம்.) ஸ்வீட் கொடுத்து ஒன்பது நாள் கழித்து என் மேஜைக்கு வந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

“ஸார், நீங்க பத்திரிகையில எழுதறவர். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தையல்ல தேன் தடவலாமா?”

நான் பி.காம். என் படிப்பில் காயம் என்றால் நஷ்டக் கணக்குதான். இருந்தாலும் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அதை நான் கெடுப்பதில்லை. “என்ன விஷயம்?” என்றேன்.

விஷயம் இதுதான். தையலின் ஒரு ஓரத்தில் ஈரம் கசிகிறது. அவருடைய அம்மா கொல்லிமலையிலிருந்து வந்த தேன் பாட்டிலைத் திறந்துவிட்டார். “எங்க காலத்துல தீக்காயத்துக்கே இதான்.” மாமியார் எதிர்க்கட்சி. “பச்சை ரணத்துல இனிப்பைத் தடவினா எறும்பு வராதா, சம்பந்தியம்மா?” மாமனார் யார் பக்கமும் சேராமல், வாட்ஸப்பில் வந்த ஒரு செய்தியை எல்லோருக்கும் அனுப்பி வைத்தார்: ‘சிசேரியன் புண்ணைப் பாதி நாளில் ஆற்றும் தேன். வெளிநாட்டு விஞ்ஞானிகள் வியப்பு!’

“சரி, கசிவு எப்படி இருக்கு? தண்ணியாவா, சீழாவா? சுத்தி சிவந்திருக்கா?”

“தெரியல ஸார். நான் பார்க்கல. அது லேடீஸ் விஷயம்...”

“ஜுரம்?”

“நேத்து ராத்திரி உடம்பு சூடா இருக்குன்னு சொன்னா.”

தேன் பற்றி அப்புறம் பேசலாம், இப்போதே பர்மிஷன் போட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னேன். இதற்கு டாக்டர் பட்டம் தேவையில்லை. போனார். டாக்டர் ஓரத்தில் இரண்டு தையலைப் பிரித்து, உள்ளே தேங்கியிருந்ததை வெளியேற்றி, கொஞ்சம் எடுத்து லேபுக்கு அனுப்பி, மாத்திரை எழுதி, தினமும் கட்டு மாற்றச் சொல்லியிருக்கிறார். மூன்று வாரத்தில் மூடிக்கொண்டது. கொல்லிமலை பாட்டில் சம்பந்தப்படவேயில்லை.

ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அந்த அம்மா சொன்னது வெறும் பாட்டி வைத்தியமா? மாமனாரின் வாட்ஸப் புளுகா? தேடிப் படித்தேன். ஆச்சரியம், அம்மா சொன்னதிலும் உண்மை இருக்கிறது, வாட்ஸப்பிலும் முக்கால்வாசி உண்மை இருக்கிறது. மிச்சம் கால்வாசியில்தான் வில்லங்கம்.

ஏறக்குறைய 3600 வருஷத்துக்கு முந்தைய எகிப்தியச் சுவடி ஒன்று, எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்று பெயர். காயத்துக்கு முதல் நாள் பச்சை மாமிசம் வைத்துக் கட்டு, பிறகு தினமும் கொழுப்பும் தேனும் நார்ப்பஞ்சும் வைத்துக் கட்டு என்கிறது. நம் சுசுருத சம்ஹிதையிலும் அறுவைப் புண்ணுக்குத் தேனும் நெய்யும் வருகிறது. நடுவில் ஆன்டிபயாடிக் வந்ததும் தேன் சமையலறைக்கு ரிடையர் ஆகிவிட்டது. கிருமிகள் மாத்திரைக்கு அடங்காமல் போக ஆரம்பித்த பிறகு, ரிடையர் ஆன ஆளை மறுபடி கூப்பிட்டார்கள்.

தேன் எப்படி வேலை செய்கிறது என்பது ஒரு காமர்ஸ் மாணவனுக்கே புரிகிற விஷயம். தேனில் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரை. தண்ணீர் நூற்றுக்கு 17, 18 தான். இவ்வளவு தாகத்தோடு இருக்கிற வஸ்து, எதிரே எது வந்தாலும் அதன் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஊறுகாய்க்கு உப்புப் போடுகிறோமே, அதே தத்துவம். கிருமி வற்றலாகிவிடும். போதாததற்குத் தேனில் அமிலம் வேறு. இனிப்பில் நம் நாக்குக்கு அது தெரியாது. கிருமிக்குத் தெரியும்.

இதற்கு மேல் ஒரு ரகசிய அயிட்டம் உண்டு. தேனீ, பூவிலிருந்து கொண்டுவந்த சரக்கில் தன் சுரப்பியிலிருந்து ஒரு என்ஸைமைக் கலக்கிறது. குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ். பாட்டிலில் இருக்கும் வரை அது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாம் இருப்பது மாதிரி இருக்கும். காயத்தின் நீர் பட்டுத் தேன் கொஞ்சம் நீர்த்ததும் விழித்துக்கொண்டு ஹைட்ரஜன் பெராக்ஸைடு தயாரிக்க ஆரம்பிக்கும். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு போனால் கம்பவுண்டர் ஊற்றியதும் நுரை பொங்குமே, அதே சரக்குதான். கம்பவுண்டர் மொத்தமாகக் கொடுத்தார். கிருமியோடு நல்ல திசுவும் சேர்ந்து வாடியது. தேன் தவணையில் கொடுக்கிறது. கம்பவுண்டர் சரக்கில் ஆயிரத்தில் ஒரு பங்கு வீரியத்தில், மணிக்கணக்காக. இதை 1963-ல்தான் அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். தேனீக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

நியூஸிலாந்தில் மானுகா என்ற செடியின் தேன் இன்னும் ஒரு படி மேல். பெராக்ஸைடை நீக்கிவிட்டாலும் அது கிருமியைக் கொல்கிறதே, எப்படி என்று வைகாட்டோ பல்கலைக்கழகத்தின் பீட்டர் மோலன் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார். மீதைல்கிளையாக்ஸால் என்ற ரசாயனம்தான் காரணம் என்று 2008-ல் தெரிந்தது. பல்லை உடைக்கிற பெயர். ஆனால் அதற்குப் பிறகு அந்தத் தேனின் விலையும் பல்லை உடைக்க ஆரம்பித்துவிட்டது.

சரி, நம் தையலுக்கு வருவோம்.

1992-ல் பாங்காக்கில் இரண்டு டாக்டர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சிசேரியனுக்குப் பிறகு தையல் விட்டுப்போய், காயம் வாயைப் பிளந்துகொண்ட 15 பெண்கள். வழக்கமாக என்ன செய்வார்கள்? மருந்து ஊற்றிக் கழுவிக் கழுவி, சுத்தமானதும் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய் மயக்க மருந்து கொடுத்து மறுபடி தைப்பார்கள். இவர்கள் தேன் வைத்து, காயத்தின் இரு கரையையும் மைக்ரோபோர் டேப்பால் இழுத்து ஒட்டிவிட்டார்கள். இரண்டே வாரத்துக்குள் ஆறியது. ஆஸ்பத்திரியில் இருந்த நாள் சராசரி 4.5. வழக்கமான முறையில் சிகிச்சை பெற்ற 19 பேருக்கு 11.5. ஊசி, நூல், மயக்க மருந்து எதுவும் இல்லை. கைக்குழந்தைக்காரிக்கு ஏழு நாள் மிச்சம் என்றால் என்ன என்பது, ஏழு நாள் குழந்தையை நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்வந்த பாட்டிகளுக்குத் தெரியும்.

மாமனார் அனுப்பியது 1999-ல் துபாய் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டது. சிசேரியன் அல்லது கர்ப்பப்பை நீக்க ஆபரேஷனுக்குப் பிறகு புண்ணில் கிருமி பிடித்த 50 பெண்கள். 26 பேருக்கு தினம் இரண்டு வேளை தேன். 24 பேருக்கு ஸ்பிரிட்டும் போவிடோன் அயோடினும் (ஆஸ்பத்திரியில் டிகாக்‌ஷன் நிறத்தில் தடவுவார்களே, அது). தேன் கோஷ்டிக்குக் காயம் ஆறச் சராசரி 11 நாள். மற்றவர்களுக்கு 22. தேன் கோஷ்டியில் நாலு பேருக்கு மட்டும் காயம் லேசாகப் பிரிந்தது. எதிர்க்கோஷ்டியில் பன்னிரண்டு பேருக்குப் பிரிந்து, அதில் ஆறு பேருக்கு மயக்க மருந்து கொடுத்து மறுபடி தைக்க வேண்டியதாயிற்று.

“அப்படின்னா அம்மா சொன்னது கரெக்ட்தானே ஸார்?” என்று டெஸ்பாட்ச் இளைஞர் குதித்தார்.

பொறுங்கள். கணக்கு எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். டோட்டல் சரியாக இருந்தாலும் வவுச்சரைப் புரட்டுவான்.

முதல் வவுச்சர்: மொத்தமே 50 பேர். பாங்காக்கில் 15. நம் ஆபீஸ் கேன்டீனில் ஒரு பந்திக்கு இதைவிட அதிகம். இரண்டாவது: யாரோடு மோதி ஜெயித்தது? ஸ்பிரிட்டோடு. திறந்த புண்ணில் ஸ்பிரிட் ஊற்றுவதை இன்றைய டாக்டர்கள் விரும்புவதில்லை. அது புதுத் திசுவையும் சுடும். சொத்தை டீமோடு ஆடி எடுத்த செஞ்சுரியும் செஞ்சுரிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிட்ச் என்ன, பௌலர் யார் என்று கேட்க வேண்டாமா? மூன்றாவதுதான் முக்கியம்: இரண்டு ஊரிலும் தேன் வைத்தது டாக்டர்கள். என்ன கிருமி, எவ்வளவு ஆழம், உள்ளே சீழ் தேங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைத்தார்கள். சீழ் தேங்கிய பையின் வாயில் தேனைப் பூசி மூடுவது, கசிகிற சிங்க்கின் மேல் பெயிண்ட் அடிக்கிற கதை. வாட்ஸப்பில் விட்டுப்போன கால்வாசி இதுதான்.

இந்த மாதிரி ஆராய்ச்சிகளையெல்லாம் ஆடிட் பண்ணுவதற்கென்றே காக்ரேன் என்று ஒரு சர்வதேச அமைப்பு இருக்கிறது. 2015-ல் அவர்கள் தேன் ஃபைலைத் திறந்து, 3011 பேரை வைத்துச் செய்த 26 ஆராய்ச்சிகளைச் சலித்தார்கள். தீர்ப்பு? அதிக ஆழமில்லாத தீக்காயத்தில் தேன் வழக்கமான கட்டைவிட நாலைந்து நாள் சீக்கிரம் ஆற்றுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு கிருமி பிடித்த புண்ணில், கிருமிநாசினி-காஸ் துணி முறையைவிட மேல். (இதற்கு ஆதாரம் மேலே சொன்ன அந்த 50 பேர்தான்.) மற்ற புண்களுக்கு உறுதியாகச் சொல்ல முடியாது.

தீக்காயம் என்றதும் நம் பக்கத்து ஆள் ஒருவரைச் சொல்லாமல் விடக்கூடாது. மகாராஷ்டிரத்தில் சோலாப்பூர். அங்கே டாக்டர் சுப்ரமணியம் என்ற சர்ஜன் 104 தீக்காயக்காரர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தேனும் மறு பாதிக்கு வழக்கமான வெள்ளி கலந்த மருந்தும் போட்டார். ஏழு நாளில் தேன் போட்டவர்களில் 91 சதவிகிதம் பேர் காயத்தில் கிருமி இல்லை. மற்ற பாதியில் 7 சதவிகிதம் பேருக்குத்தான் அப்படி. 1991-ல் பிரிட்டிஷ் சர்ஜரி பத்திரிகையில் வந்தது. உலகத்தில் எங்கே தேன் வைத்தியம் பற்றி எழுதினாலும் சோலாப்பூர் வராமல் இருக்காது. பெட்ஷீட்டுக்கு மட்டும்தான் அந்த ஊர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

கிருமி பிடிக்காத, சுத்தமாக மூடியிருக்கிற தையலுக்கு? 2014-ல் ஈரானில் 75 பெண்களை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தேன் ஜெல்லா, வெறும் ஜெல்லா என்று பூசிக்கொண்டவளுக்கும் தெரியாது, பார்த்து மார்க் போட்டவருக்கும் தெரியாது, கணக்குப் போட்டவருக்கும் தெரியாது. ஏழாம் நாள் சிவப்பு, வீக்கம் எல்லாம் பார்த்து மார்க் போட்டதில் தேன் பக்கம் கொஞ்சம் தேவலை. அவ்வளவுதான். ஓடிப்போய் பாட்டில் வாங்குகிற அளவுக்கு இல்லை.

பாட்டில் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆஸ்பத்திரி உபயோகத்துக்கு என்று தயாராகும் மருத்துவத் தேன் வேறு ஜாதி. காமா கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கி, டியூபில் அடைத்து வருகிறது. கட்டுத்துணியில் தோய்த்தே வருகிற ரகமும் உண்டு. அமெரிக்காவில் 2007-லேயே இதற்கு அரசு அனுமதி கிடைத்துவிட்டது. சூடு காட்டாமல் ஏன் கதிர்? சூடு காட்டினால் அந்தத் தவணைக்கார என்ஸைம் செத்துப்போகும். கடைத் தேனுக்கு இந்தச் சுத்தம் கிடையாது. பல சமயம் தேனே கிடையாது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளை எடுத்து ஜெர்மனி லேபுக்கு அனுப்பிப் பார்த்ததில் பத்து பிராண்டுகள் தேறவில்லை. சர்க்கரைப் பாகு! மாமியாரின் எறும்பு சந்தேகத்தை நான் கேலி செய்ய மாட்டேன்.

அப்படியானால் வீட்டில் என்னதான் செய்வது? செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தினமும் மெதுவாகக் கழுவி, ஒற்றி உலர்த்த வேண்டும். தேய்க்கக்கூடாது. தளர்ந்த பருத்தி உடை. மஞ்சள், தேங்காயெண்ணெய், தேன், பக்கத்து வீட்டு ஆயின்ட்மென்ட் எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. புண் பிரிந்துவிட்டால், ‘மருத்துவத் தேன் கட்டு இதற்குச் சரிப்படுமா?’ என்று தாராளமாகக் கேளுங்கள். அசட்டுக் கேள்வியில்லை. இப்போது உங்களிடம் பாங்காக் இருக்கிறது, சோலாப்பூர் இருக்கிறது.

மிச்சமுள்ள வேலை பார்ப்பது. சும்மா பார்ப்பது. சிசேரியன் தையல் அடிவயிற்றில், பிரசவத்துக்குப் பிறகு தளர்ந்து தொங்குகிற வயிற்றின் மடிப்புக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அவளால் குனிந்து பார்க்க முடியாது. கண்ணாடி பிடித்தால்தான் உண்டு. அம்மாவிடமோ மாமியாரிடமோ காட்டக் கூச்சப்படுவாள். கூச்சமில்லாமல் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அந்த வீட்டில் நீங்கள். நீங்களோ ‘லேடீஸ் விஷயம்’ என்று ஹாலில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறீர்கள். சிவப்பு பரவுகிறதா, நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி ஏறுகிறதா, கசிவு, வாடை, தையல் பிரிவு, ஜுரம். இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சுகர் இருக்கிற பெண், உடம்பு பருத்த பெண், பனிக்குடம் உடைந்து வெகுநேரம் காத்திருந்து பிறகு ஆபரேஷன் ஆனவள் என்றால் இன்னும் உஷார். டெஸ்பாட்ச் இளைஞர் இப்போது கட்டு மாற்றுவதில் நர்ஸுக்கே யோசனை சொல்கிறாராம். தாங்க முடியவில்லை என்று கேள்வி.

இவ்வளவும் சொன்னபிறகு, தேன் பாட்டில் எல்லாவற்றையும்விட ஆபத்தாகிற இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. அது தையல் இல்லை. தொட்டில்.

பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் அந்தக் குணம் குழந்தைக்கு வருமாம். சில வீட்டில் சர்க்கரைத் தண்ணீர், சில வீட்டில் தேன். பெரியவரின் குணம் வருகிறதோ இல்லையோ, தேனில் சில சமயம் பாட்டுலிஸம் கிருமியின் விதைகள் இருக்கும். நமக்கு ஒன்றும் செய்யாது. நம் குடலில் ஏற்கெனவே கூட்டம் அதிகம், அதற்கு ஸீட் கிடைக்காது. பச்சைக் குழந்தையின் குடல் காலி பஸ். ஏறி உட்கார்ந்து, முளைத்து, விஷத்தைக் கக்கும். குழந்தைக்கு முதலில் மலச்சிக்கல். பிறகு அழுகை ஈனஸ்வரமாகும், பால் சப்பாது, கழுத்து துவளும், மூச்சு வரை போகும். 1976-ல் கலிஃபோர்னியாவில்தான் இப்படி ஒரு வியாதி இருப்பதையே கண்டுகொண்டார்கள். ஒரு வயது வரை குழந்தைக்குத் தேன் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். ஒரு சொட்டும் கூடாது. கொல்லிமலையானாலும் சரி, நியூஸிலாந்தானாலும் சரி.

எனவே, விரலில் தேனைத் தொட்டுக்கொண்டு தொட்டிலை நோக்கி வருகிற பெரியவர் எவ்வளவு நல்ல குணமுள்ளவராக இருந்தாலும், உங்கள் மேனேஜராகவே இருந்தாலும், வழியில் மறித்து ஒரு தோசையைக் கொடுத்து உட்கார வைத்துவிடுங்கள். தேன் தோசைக்கு நன்றாகத்தான் இருக்கும்.